பொட்டு வைத்த திரை

அக்கா ஒரு பொத்தானைப் பார்க்காமல் அழுத்தியதை நான் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் அவருடைய வீட்டு மேலறையில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தேன். சொந்த அக்கா இல்லை. வந்த முதல் நாள் சோற்றுக் கோப்பையை நீட்டி, "கூச்சப்படாமல் சாப்பிடும், தம்பி" என்றார், அன்றிலிருந்து அக்கா. அத்தான் பஸ் ஓட்டினார். அவர் வீட்டில் இருந்ததே குறைவு என்பதால் இந்தக் கதையிலும் வரமாட்டார்.

ஒரு புது இயந்திரத்துக்கு முன்னால் அக்கா நிற்கும் விதம் எனக்கு மனப்பாடம். முதலில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். தலையைச் சரித்து மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம், "உது என்னத்துக்கு?" என்று கேட்பார். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் நான். தெரியாது என்று சொன்னால், "தெரியாட்டி ஏன் நேற்று அமத்தினீர்?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆர்ச்வே ரயில் நிலையத்தில் டிக்கெட் மெஷின் முன்னால் இப்படி நின்றார். பின்னால் வரிசை நீண்டது. ஒரு மனிதர் சத்தமாகப் பெருமூச்சு விட்டார். அக்கா அவரைச் சிரித்த முகத்தோடு முன்னால் போகச் சொன்னார். அவர் முன்னால் போனதும், அவருடைய தோளுக்கு மேலால் எட்டி, அந்த மனிதர் எதை எதை அமத்துகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போன பிறகு அடுத்தவரையும் முன்னால் விட்டார். நான்காவது ஆள் போன பின்தான் தன் அட்டையை வெளியில் எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. அவருக்கு ஒரு பிழையும் இல்லாமல் வேலை முடிந்தது.

நான் நேர்மாறு. ஒரு கம்பெனியில் கணினிக் கோளாறு பார்க்கிற வேலை. முதலில் அமத்திவிட்டுப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கிற ரகம். அந்த வீட்டு பாய்லரின் நேரத்தை நான் திருகிக் குழப்பி, தை மாதக் குளிரில் மூன்று நாள் எல்லோரும் ஜாக்கெட்டோடு படுத்தோம். நான்காம் நாள் அக்கா அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, விளக்கப் புத்தகத்தை மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். சூடு வந்தது. பிறகு தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து ஒரு பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினார். "இது மட்டும் உமக்கு. மற்றது ஒண்டையும் தொடக்கூடாது" என்றார்.

பொட்டு என்றால் ஒட்டுப்பொட்டு. எங்கள் வீடுகளில் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகம் கழுவும்போது கழற்றி ஒட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அக்காவின் கண்ணாடியில் என் முகத்தைத் தேடித்தான் சவரம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவருக்கு வேலை. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குக் கடலை ஆகாது என்று சாப்பாட்டுத் தட்டுகளில் நிறநிறமாக வட்டம் ஒட்டுவார்களாம். பன்னிரண்டு வருடத்தில் தன் கையால் ஒரு தட்டும் மாறிப் போகவில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஒரு ஞாயிறு பின்னேரம் தேநீரோடு மேலே வந்தார். தேநீர் எனக்கு வருவது வழக்கம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வது வழக்கமில்லை. ஒரு காகிதத் துண்டை நீட்டினார். ஆங்கில எழுத்தில் ஒரு விளையாட்டின் பெயர். கோட்டை கட்டி, படை சேர்த்து, இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கிற விளையாட்டு. நானும் கொஞ்சக் காலம் விளையாடி, மூன்று தடவை கோட்டையைப் பறிகொடுத்துவிட்டு ஓய்ந்தவன்.

"உதுக்குள்ள ஆக்களோட கதைக்கவும் ஏலுமாமே, தம்பி?"

"ஓம் அக்கா, ஏலும். ஏன்?"

"என்ர தம்பி உதுக்குள்ளதான் இருக்கிறானாம்."

கனடாவில் அவருக்கு ஒரு தம்பி இருப்பது எனக்குத் தெரியும். சுவரில் படம் இருந்தது, தொலைபேசி வந்து நான் கண்டதில்லை. அன்று காரணத்தைச் சொன்னார். தம்பி தானே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் பேசினான். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"வீசா கிடைக்கேல்ல, வர ஏலாது எண்டு சொன்னன். உண்மையில நான் வீசாவுக்குப் போடவே இல்லை. ஒரு கோபத்தில, யோசிக்காமல் சொன்ன பொய். பிறகு அவனுக்குத் தெரியவந்திட்டுது. ஏழு வருஷம். போனிலயும் என்னைத் தடை செய்து வச்சிருக்கிறான்."

"அப்ப இந்த விளையாட்டு விஷயம் ஆர் சொன்னது?"

"அவன்ர மனிசி. வேலையால வந்தால் உதுக்குள்ளதான் இருக்கிறாராம், நீங்களும் வாங்கோ மச்சாள் எண்டு எனக்குக் களவாய் எழுதினவள்." காகிதத்தை மடித்தார். "அந்தப் பிள்ளையைத்தான் நான் வேண்டாமெண்டனான்."

தேடிப் பார்த்தேன். தம்பி ஒரு பெரிய கூட்டணிக்குத் தலைவன். பக்கத்துக் கோட்டைக்காரருக்குத்தான் நேரே எழுதலாம், தூரத்தில் இருக்கிற அவனோடு கதைக்க அவனுடைய கூட்டணிக்குள் போக வேண்டும். போக வேண்டுமென்றால் கோட்டை பத்தாம் லெவலுக்கு வந்திருக்க வேண்டும். அக்கா மவுஸைக்கூடத் தொட்டறியாதவர். நான் சொன்னேன், "அக்கா, நான் விளையாடிப் பத்தாம் லெவலுக்குக் கொண்டுவந்து தாறன், நீங்கள் கதையுங்கோ."

"வேண்டாம். பிறகு அவன் சந்தோஷப்பட்டுக் கேட்டால், நானே கட்டினது எண்டு இன்னொரு பொய் சொல்லோணும்."

பெயர் கேட்ட இடத்திலும் அதே கதைதான். வேறு பெயர் போடச் சொன்னேன், அவர் என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டான் என்று. அக்கா தன் சொந்தப் பெயரை, முழுப் பெயரை, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமத்தினார்.

முதல் மூன்று நாளும் அவர் ஒன்றும் செய்யவில்லை. பார்த்தார். பழைய கணினி ஒன்றை என் மேசையில் அவருக்கென்று வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியால் வந்து, குளித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்வார். முதல் நாள் முழுக்க மேல்வரிசை மட்டும். மரம், கல், இரும்பு, தானியம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். "உந்த எண் ஏன் கூடுது?" "மரம் வெட்டுறாங்கள் அக்கா." "ஆர் வெட்டச் சொன்னது?" இரண்டாம் நாள் வலது பக்கம் வரிசையாக நின்ற பொத்தான்கள். மூன்றாம் நாள் கீழ் மூலையில் இருந்த குட்டி வரைபடம். எனக்குப் பொறுமை போய் மவுஸை எடுக்கக் கை நீட்டினேன். புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

நான்காம் நாள் முதல் பொத்தானை அமத்தினார். ஒரு மரக்கூடம் எழும்பியது. அக்கா அடுப்பில் பால் பொங்கியதைப் பார்த்ததுபோலப் பார்த்தார். உடனே நெற்றியிலிருந்த மெரூன் பொட்டைக் கழற்றி, திரையில், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினார். விளங்கிய பொத்தானுக்குப் பொட்டு, விளங்காததற்கு இல்லை, இல்லாததைத் தொடுவதில்லை. அதுதான் சட்டம். இரண்டு கிழமையில் என் பழைய திரையில் பதினான்கு பொட்டுகள்.

கணினி வேலை பார்க்கிற நான் அதில் இருந்த ஆபத்தைக் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. அந்த விளையாட்டில் இரண்டு படம் உண்டு. ஒன்று உங்கள் ஊர், மற்றது எல்லோரும் இருக்கிற உலகம். படம் மாறினால் பொத்தான்களும் மாறும். பொட்டு மாறுமா? அது திரையின் கண்ணாடியில் அல்லவா இருக்கிறது. ஊர்ப் படத்தில் 'கட்டு' என்று இருந்த அதே இடத்தில் உலகப் படத்தில் 'தாக்கு' இருந்தது. அக்கா பொட்டை நம்பி அமத்தினார். அவருடைய நூறு ஈட்டிக்காரரும் புறப்பட்டுப்போய், பக்கத்துக் கோட்டைக்காரனின் தானியக் களஞ்சியத்தை அடித்து நொறுக்கி, தானியத்தையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ தம்பி, முன்பின் தெரியாத ஒரு மனிசன்ர சாப்பாட்டை அழிச்சுப்போட்டன்." அது விளையாட்டு, அதற்குத்தான் விளையாடுவது என்று நான் சொன்னது ஏறவே இல்லை. அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். தெரியாமல் நடந்துவிட்டது, புதுசு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். எடுத்த தானியம் முழுவதையும், மேலதிகமாகக் கொஞ்ச மரத்தையும் சேர்த்து அனுப்பினார். விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் ஒன்று பதிலாக வந்தது, கூடவே இருநூறு கல்லும்.

அக்கா அந்தச் சிரிக்கிற முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாத ஆளிட்ட மன்னிப்புக் கேக்க ரெண்டு நிமிஷம் போதுமாய் இருந்தது" என்றார்.

அடுத்த நாள் ஒரு புதுப் பொட்டு அட்டை வந்தது. ஊர்ப் படத்துக்கு மெரூன், உலகப் படத்துக்குப் பச்சை. உலகப் படத்தில் இருக்கும்போது மெரூன் பொட்டு கண்ணுக்கே தெரியக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தட்டுகளில் பன்னிரண்டு வருடம் நிறம் பார்த்த கண். அதன்பிறகு பிழை வரவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரோடு சேர்ந்து நானும் புதிதாக ஒரு கோட்டை தொடங்கியிருந்தேன், வழிகாட்டுகிறேன் பேர்வழி என்று. மூன்றாம் கிழமை அது எரிந்தது. எதிரி வருகிறான் என்றால் திரையின் ஓரம் மெல்லிய சிவப்பாக மினுங்கும். நான் எதையோ அமத்திக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. பக்கத்துத் திரையில் இருந்த அக்கா, "தம்பி, உம்மட கரை சிவக்குது" என்று இரண்டு தடவை சொன்னாராம். காதிலும் விழவில்லை.

அவருடைய கோட்டை மெதுவாக, ஒரு கல்லும் வீணாகாமல் வளர்ந்தது. இரண்டு மாதத்தில் பத்தாம் லெவல். அன்று பாயசம் வைத்தார். தம்பியின் கூட்டணிக்கு விண்ணப்பம் போட்டார். எட்டு நாள் அது அப்படியே கிடந்தது. ஒன்பதாம் நாள் ஏற்றுக்கொண்டாயிற்று என்று வந்தது. ஒரு வார்த்தை இல்லை. கூட்டணிக்காரர் எல்லோரும் எழுதுகிற பொது இடத்தில் அக்கா ஆங்கில எழுத்தில் தமிழாக வணக்கம் போட்டார். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பத்துப் பேர் பதில் வணக்கம் போட்டார்கள். தம்பி போடவில்லை. ஆள் உள்ளேதான் இருந்தான். பெயருக்குப் பக்கத்தில் பச்சை வெளிச்சம் எரிந்தது.

"அவனுக்குத் தனியாய் எழுதுங்கோவன் அக்கா. பொத்தான் உங்களுக்குத் தெரியுமே."

"பொத்தான் தெரியும். அதை அமத்தினால் என்ன நடக்குமெண்டுதான் தெரியேல்ல" என்றார்.

ஒரு மாதம் அப்படியே போனது. ஒரே வீட்டுக்குள் முகம் பார்க்காமல் நடமாடுகிற இருவர் போல ஒரே கூட்டணிக்குள் இருந்தார்கள். அக்கா தினமும் வந்து பச்சை வெளிச்சத்தைப் பார்ப்பார். "சாப்பிட்டிருப்பான்" என்று சில வேளை தனக்குள் சொல்வார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து கணினியைத் திறந்தால் வேறு ஏதோ ஒன்று நின்றது. விளையாட்டைச் செய்கிற கம்பெனி முழுத் திரையையும் மாற்றி அமைத்திருந்தது. வலது பக்க வரிசையைக் காணவில்லை. மெரூனும் பச்சையுமாக இருபத்தாறு பொட்டு, ஒன்றுக்குப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. பொது இடத்தில் கூட்டணிக்காரர் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், அது எங்கே, இது எங்கே என்று.

எதிரிகளும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறார்கள். தம்பியின் கோட்டையை நோக்கி ஒரு பெரும் படை வந்துகொண்டிருந்தது. வந்து சேர இருபத்தைந்து நிமிடம். விழுந்தால் மூன்று வருடமாக அவன் கட்டிய எல்லாம் போகும். துணைப்படை அனுப்புங்கள் என்று பொது இடத்தில் எழுதினான். அனுப்புகிற பொத்தானை ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் கண்டதையும் அமத்தி, தன் படையைக் கலைத்தே விட்டார். இன்னொருவர் தன் கூட்டாளியின் ஊரையே தாக்கினார்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். "அக்கா, கெதியாய். எதையாவது அமத்துங்கோ."

"பொறும்."

அக்கா திரையிலிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். அவசரமே இல்லை. நகத்தால் தூக்கி, உரித்து, மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டினார். இருபத்தாறும் போய்த் திரை வெறுமையானதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சரித்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை. கீழிருந்து மேலாக ஒருமுறை. பத்து நிமிடம் போய்விட்டது. நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். பன்னிரண்டு நிமிடம்.

"தம்பி, படத்தை மாத்தலாம், இடத்தை மாத்தலாம். என்ர ஆக்களின்ர தொகையை மாத்த ஏலாதே. இரண்டாயிரத்து நானூற்று அறுபது பேர் சும்மா இருக்கினம். அந்த எண் எங்க நிக்குதோ அங்கதான் அவையளை அனுப்புற வழியும் இருக்கோணும்."

விரலால் திரையைத் தொடாமல் தடவிக்கொண்டு போனார். இடது மேல் மூலையில், கேடயம்போல ஒரு சின்னப் படத்துக்கடியில், எறும்பளவு எழுத்தில் அந்த எண் நின்றது. அதை அமத்தினார். படைகளின் பட்டியல் விரிந்தது. அடியில் கூட்டணிக்காரரின் பெயர்கள். தம்பியின் பெயரைத் தேர்ந்தார். எல்லோரையும் அனுப்பினார். ஒருவரைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"அக்கா, உங்கட கோட்டைக்குக் காவல்?"

"என்ர கோட்டைக்கு என்ன, திரும்பக் கட்டலாம்."

போய்ச் சேர ஒன்பது நிமிடம். தேடியதற்குப் பதினான்கு நிமிடம் போயிருந்தது. எனக்குக் கணக்குத் தெரியும், ஆனாலும் அந்த ஒன்பது நிமிடமும் நான் உட்காரவில்லை. இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது அக்காவின் ஆட்கள் தம்பியின் மதிலுக்குள் போனார்கள். எதிரி வந்து மோதினான். மதில் பாதி சரிந்தது. கோட்டை நின்றது. எதிரிப் படை சின்னாபின்னமாகித் திரும்பியது. நான் குதித்த குதியில் கீழறைக் கூரை விளக்கு ஆடியிருக்கும். பொது இடத்தில் இருபது பேர் ஒன்றாக எழுதினார்கள், ஆர் அந்த ஆள், எப்படி அனுப்பினது என்று.

திரையின் கீழே தனிச் செய்திக்குரிய மணி அடித்தது. தம்பியின் பெயர்.

"அக்கா, உந்தப் பொத்தானை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள்? இங்க இன்னொருத்தருக்கும் அடி வருது. எனக்குக் காணேல்ல."

ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அக்கா அதைப் படித்தார். முதலில் மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு ஒரு விரலால் எழுதினார்.

"எழுதி விளங்கப்படுத்த மாட்டன். படம் அனுப்புறன். முதல் உன்ர போனில என்ர தடையை எடு."

"அக்கா, இடப்பக்க மேல் மூலை எண்டு ஒரு வரியில எழுதலாமே" என்றேன் நான்.

"எழுதலாம். ஆனா எழுத மாட்டன்" என்றார்.

நெற்றியிலிருந்த பொட்டைக் கழற்றினார். இடது மேல் மூலையில், அந்தக் கேடயத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். நான் அவருடைய தொலைபேசியால் படம் எடுத்து, ஏழு வருடமாக ஒன்றுமே போய்ச் சேராத அந்த எண்ணுக்கு அனுப்பினேன். ஒரு சரி அடையாளம் விழுந்தது. ஒன்றுதான். ஒன்று என்றால் போய்ச் சேரவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ காரைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம். இரண்டாவது அடையாளம் விழுந்தது.

விழுந்து ஒரு நிமிடம் இராது, தொலைபேசி அடித்தது. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் திரையில் வந்தன. அக்கா கையைப் பின்னால் கட்டவில்லை. தலையைச் சரிக்கவில்லை. முகம் என் பக்கம் இருந்தது, விரல் மட்டும் போய் அமத்தியது. சரியாகப் பச்சையில்.

மறுமுனையில் தம்பி.

"பொட்டைக் கண்டியோ?" என்றார் அக்கா. "அதுக்குப் பக்கத்தில இருக்கிறதை அமத்து."